தொண்டைமானாற்றை வெட்டினது ஆர்?

தொண்டைமானாறு ஆறு இல்லை. வடமராட்சிக் கடல்நீரேரி வடக்கே கடலோடு சேருகிற வாய் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறே கிடையாது என்று சின்ன வகுப்பில் படித்திருப்பீர்கள். பிறகு ஏன் அதற்கு ஆறு என்று பேர், அதுவும் ஒரு தொண்டைமானின் பேர்? ஏ.எல். எடுத்த எல்லாருக்கும் வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத் தாள்களால் இந்த ஊரின் பேர் தெரியும் (பயத்தோடுதான் தெரியும்). பேர் வந்த கதை தெரிந்தவர்கள் குறைவு.

கதை இதுதான். கரணவாய்ப் பக்கத்தில் தானாக விளைந்து கிடந்த உப்பை எடுத்துப்போகத் தொண்டைமான் என்றொரு தலைவன் கடல் கடந்து வந்தான். உப்பை ஏற்றவும் மரக்கலங்கள் ஒதுங்கி நிற்கவும் வசதியாக, அங்கிருந்த சின்ன நீரோடையை ஆழமாகவும் அகலமாகவும் வெட்டுவித்தான். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் தொண்டைமான் உப்புக்கு வந்த கதை இருக்கிறது. 1926 இல் 'பண்டைய யாழ்ப்பாணம்' பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முதலியார் இராசநாயகம் போன்றவர்கள், அந்தத் தொண்டைமான் முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான்தான் என்று கொண்டார்கள். செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பாடுகிற அதே ஆள். உரும்பிராயில் கருணாகரப் பிள்ளையார் கோயில் இருப்பதையும் இதற்குத் துணையாகச் சொல்வார்கள். கதை கதைதான். காலக்கணக்கைப் பொறுத்தவரை வைபவமாலை நம்பி ஏறக்கூடிய வண்டில் இல்லை.

எங்களைப் பிடித்து நிறுத்தினது 'வெட்டுவித்தான்' என்ற சொல். 'வெட்டினான்' இல்லை, 'வெட்டுவித்தான்'. பிறவினை. நன்னூல் வகுப்பில் நித்திரை தூங்கிக்கொண்டு படித்த அதே பிறவினை. அந்த ஒரு 'வி'க்குள்ள எத்தினை பேர் மண்வெட்டியோட நிக்கினம் எண்டு ஆராவது எண்ணிப் பார்த்தவையோ? கூலி என்ன, சாப்பாடு என்ன, ஆரின்ர குடிசை கரையில இருந்தது? கதைக்கு அந்த விபரம் ஒன்றும் தேவைப்படவில்லை. அதனால் அதை நாங்கள் விளையாடிப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

விளையாடுவது என்றால் மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்து, வாயால் கதைத்தே ஒரு உலகத்தை நடத்துவது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்திருக்கும். பெடியள் நிலவறையில் இருந்து கட்டை உருட்டிக் கத்துவார்களே, டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ், அந்த வகை. ஒருவர் உலகத்தை வைத்திருப்பார், மற்றவர்கள் அதற்குள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நிச்சயமில்லாத இடத்தில் கட்டை தீர்ப்புச் சொல்லும். உலகத்தை வைத்திருக்கிறவருக்கு ஆங்கிலத்தில் கேம் மாஸ்டர் என்று பேர். எங்கள் மேசையில் அவர் அண்ணாவியார். கூத்து அண்ணாவியாருக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கூத்தில் ஏட்டுப் பிரதி இருக்கும், அரிச்சந்திரன் சுடலைக்குப் போயே ஆக வேண்டும். இங்கே அரிச்சந்திரனாக நடிக்கிறவர் "நான் ஒரு பொய் சொல்லுறன்" என்று சொன்னால், அண்ணாவியார் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும்.

இந்த விளையாட்டின் பூர்வீகம் இராணுவப் பள்ளிக்கூடம் என்பது பலருக்குத் தெரியாது. பிரசியாவில் ரைஸ்விட்ஸ் என்ற தகப்பன் 1812 இல் அரசனுக்கு ஒரு போர் விளையாட்டைக் காட்டினார், மகன் 1824 இல் அதன் விதிகளைத் திருத்தி அச்சிட்டார். படம், மரக்கட்டைகள், தாயம், நடுவில் ஒரு நடுவர். விதிகள் கூடிக்கூடிச் சுமையாகிப்போக, 1876 இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணைகளை விட்டுவிட்டு அனுபவமுள்ள நடுவர் தன் புத்தியால் தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். எங்கள் அண்ணாவியார் இருக்கிற கதிரைக்கு அடி போட்டது அங்கேதான்.

ஆனால் விளையாட்டை உண்மையில் பிரட்டிப் போட்டது 1969. அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், நெப்போலியன் காலத்து ஜெர்மன் ஊர் ஒன்றைக் கற்பனையாக அமைத்தார். ஊரின் பேர் பிரவுன்ஸ்டைன். வழக்கமாக இரண்டு பக்கத்துப் படைத்தலைவர்கள் மட்டும்தான் விளையாடுவார்கள். இவர் வந்திருந்த மற்றவர்களுக்கும் ஊர் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று வேடம் கொடுத்து, ஆளாளுக்கு ஒரு நோக்கமும் கொடுத்தார். ஒவ்வொருவராக வந்து தன்னிடம் சொல்லுவார்கள் என்பது திட்டம். நடந்ததோ, எல்லாரும் தங்களுக்குள்ளேயே இரகசியம் பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பேர் வந்து தாங்கள் ஒண்டிக்கு ஒண்டி சண்டை பிடிக்கப் போவதாக அறிவித்தார்கள். படைகள் ஊருக்குள் வந்து சேரவே இல்லை. விளையாட்டு குழம்பிப் போச்சு என்று வெஸ்லி நினைத்தார். வந்தவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் பின்னர் இன்னொரு பிரவுன்ஸ்டைனில் மாணவப் புரட்சிக்காரனாக வேடமேற்று, சிஐஏ ஆள் என்று போலி அடையாள அட்டை செய்து கொண்டுவந்து எல்லாரையும் ஏமாற்றினாராம். (கலைப்பீடத்தில் இப்படி ஒராள் கட்டாயம் இருப்பார்.) அவரே பிறகு பிளாக்மூர் என்ற மாய உலகத்தை நடத்தத் தொடங்கினார். கேரி கைகாக்ஸ் அதோடு சேர்ந்துகொள்ள, 1974 இல் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் மூன்று சின்னப் புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. முதற் பதிப்பு 1000 பெட்டி. மேயருக்கும் வங்கிக்காரருக்கும் வாய் திறக்க இடம் கொடுத்தவுடன் போர் பின்னுக்குப் போனது என்பதுதான் இந்த வரலாற்றில் எங்களுக்கு வேண்டிய பகுதி.

எங்கள் பிரவுன்ஸ்டைன் தொண்டைமானாறு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்களில் ஒராளின் வீட்டு விறாந்தையில் கூடுவோம். ஐந்து பேர். இருபது முகக் கட்டை இங்கே கடையில் கிடைக்காது. ஃபோனில் அதற்குச் செயலி இருக்கிறதுதான், ஆனால் உருட்டுகிற சுகம் அதில் இல்லை. அதனால் ஆறு சோகி. நிமிர்ந்து விழுகிறதை எண்ணுவோம். இதிலும் ஒரு நல்ல விசயம் இருக்கிறது. இருபது முகக் கட்டையில் எந்த எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, நூற்றுக்கு ஐந்து. சோகி இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், மூன்று நிமிர 64 இல் 20 வாய்ப்பு, ஆறும் நிமிர 64 இல் ஒன்றே ஒன்று. அற்புதம் அடிக்கடி நடக்காது. சாதாரண சனத்தின் கதைக்கு இது பொருத்தம்.

மாயத்துக்குச் செயங்கொண்டார் இருக்கிறார். எல்ஃப், ட்வாஃப் ஒன்றும் தேவையில்லை. ஆயிரம் யானையைக் கொன்ற வீரனுக்குப் பாடுவது பரணி என்பது இலக்கணம். ஆனால் பரணியைப் படித்தால் அதில் முக்கால்வாசியும் பேய்களின் ராச்சியம். பசியோடு காத்திருக்கிற பேய்கள், போர் முடிந்த களத்தில் பிணங்களைக் கொண்டு காளிக்குக் கூழ் காய்ச்சுகிற பேய்கள். கலிங்கப் போர் எப்படி நடந்தது என்பதையே ஒரு கூளிதான் காளிக்குச் சொல்கிறது. அந்தப் பேய்கள் தொண்டைமானின் மரக்கலத்தோடு இங்கேயும் வந்துவிட்டன என்பது எங்கள் கற்பனை. இன்னொரு போர் வரும், இன்னொரு கூழ் கிடைக்கும் என்று ஆற்றங்கரை மரங்களில் குந்திக் காத்திருக்கின்றன.

ஒரு விதி மட்டும் வைத்தோம். தெரிந்ததை மாற்றக் கூடாது. தொண்டைமான் வருவான், ஆறு அகலமாகும், அதற்கு அவன் பேர்தான் நிற்கும். கதை பேசாமல் விட்ட இடமெல்லாம் விளையாடுகிறவர்களுக்கு. இந்த விதி விளையாட்டைச் சுருக்கிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். எங்கள் அனுபவத்தில் பேசாமல் விட்ட இடம் பேசின இடத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வேடம் தெரிவு செய்யச் சொன்னபோது ஒருவரும் படைவீரரை எடுக்கவில்லை. ஒருத்தி உப்பு அள்ளுகிறவள். ஒருவர் மீன்பிடிக்கிறவர். ஒருவர் மரக்கலம் கட்டுகிற ஓடாவி. 1938 இல் அமெரிக்காவின் க்ளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போன அன்னபூரணிக் கப்பலைக் கட்டின வல்வெட்டித்துறை பக்கத்தில்தானே, அந்தப் பெருமையை விட மாட்டாராம். நாலாவது ஆள் ஒரு கிழவி. தொண்டைமானின் அதிகாரி வந்து ஆறு வெட்டப் போகிற மகத்துவத்தைப் பற்றி நீளமாக முழங்கினார் (அண்ணாவியார் இரவிரவாக எழுதி வைத்த வசனம்). முடிந்ததும் உப்பு அள்ளுகிறவள் கேட்ட முதற் கேள்வி: "நாட்கூலி என்ன?"

இரண்டாவது கிழமை வந்தது கிணறு. வெயிலுக்குள் வெட்டிக் களைத்தவர்கள் தண்ணி குடிக்கப் போகிறார்கள். மீன்பிடிக்கிறவராக இருந்தவர், "என்ர ஆள் அந்தக் கிணத்தில அள்ளலாமோ?" என்று கேட்டார். மேசை கொஞ்ச நேரம் கப்சிப். எங்கள் கற்பனை உலகத்தில் பேய் இருக்கலாம், சாதி இருக்கலாமா? டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் காரர்களே 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போட்டார்கள், பிறப்பைக் கொண்டு ஆளை அளக்கிற சிக்கல் அவர்களுக்கும் உண்டு. சாதியே இல்லாத தொண்டைமானாறு என்று வைத்தால் அது யாழ்ப்பாணத்துக் கதையாக இராது. இருக்கிறது என்று வைத்தால், பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற சிநேகிதனைப் பார்த்து "உனக்கு இல்லை" என்று அண்ணாவியார் சொல்ல வேண்டும். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். கடைசியில், கேட்டவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டோம். அவர், "இருக்கு. ஆனா நான் அள்ளுறன்" என்றார். சோகியில் நாலு நிமிர்ந்தது. அள்ளினார்.

அந்தக் கிழமையில் இருந்து செல்வச்சந்நிதியின் கதை எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. அந்தக் கோயிலின் மூலக்கதையில் இராசாவும் இல்லை, படைத்தலைவனும் இல்லை. ஆற்றில் மீன் பிடித்த மருதர் கதிர்காமரை முருகன் கூப்பிட்டதாகத்தான் ஐதீகம். இன்றைக்கும் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு அங்கே பூசை செய்கிறவர்கள் அந்த மரபில் வந்த கப்பூகர்கள். அன்னதானக் கந்தன் என்று பேர், வாசலில் ஆர் நின்றாலும் சோறு உண்டு. ஒரே ஆற்றங்கரையில் ஒரு கதை வெட்டுவித்தவனுடையது, மற்றது வலை வீசினவருடையது. சனம் இன்றைக்கும் போய் நிற்கிறது எந்தக் கதைக்கு முன்னால் என்று பாருங்கள்.

மூன்றாவது கிழமைக்கு அண்ணாவியார் ஒரு சண்டை ஆயத்தம் பண்ணியிருந்தார். அடுத்த அமாவாசைக்குள் கரையில் இருக்கிற குடிகள் எல்லாம் எழும்ப வேண்டும் என்று கட்டளை. படைவீரர்களின் பலம், ஆயுதம் எல்லாம் தாளில் தயார். ஒருவரும் சண்டைக்குப் போகவில்லை. "முதல்ல உறுதியை எடு" என்றார் ஓடாவி. 12 ஆம் நூற்றாண்டில் காணி உறுதியா என்று சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் மற்றவர்களும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அரிசி எவ்வளவு. நகையை எந்தப் பானைக்குள் வைப்பது. ஆட்டை அவிட்டு விடுவதா, கொண்டு போவதா. நாற்பது நிமிசம் இதே கதை. இந்த வகை விளையாட்டில் ஒராள் எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று விதி இருக்கும், அது கிடைத்த புதையலைக் காவுவதற்கு. எங்கள் மேசையில் அது எதை விட்டுவிட்டுப் போவது என்ற கணக்காகிப் போனது. எங்களில் ஒருவரும் 1995 ஒக்டோபர் 30 இல் பிறந்திருக்கவில்லை. அந்த இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த சனத்தின் பட்டியல் எப்படியோ ஐந்து பேருக்கும் மனப்பாடமாக இருந்தது.

கிழவியாக இருந்தவள் மட்டும் பட்டியல் போடவில்லை. "நான் வரேல்லை. நீங்கள் போங்கோ" என்றாள்.

விட்டுவிட்டுப் போக மற்ற மூவருக்கும் மனம் வரவில்லை. அதனால் அடுத்த நாலு கிழமையும் அந்தக் குடிசையைச் சுற்றித்தான் கதை. போர் வராமல் பேய்களுக்குப் பசி கூட, கிழவி அவற்றைக் கூப்பிட்டு ஒடியல் கூழ் காய்ச்சி ஊற்றினாள். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துச் சாமான், அந்தக் காலத்தில் இஞ்ச இல்லை என்று ஒரு சண்டை நடந்து, மிளகும் பயிற்றங்காயும் மீனும் என்று முடிந்தது. மிளகு போட்ட ஒடியல் கூழைப் பேய் குடிக்குமா என்பதற்கு ஐந்து சோகி நிமிர்ந்தது. குடித்தன.

இப்போது பேய்களும் மண் சுமக்கின்றன. கூலி உப்பாகக் கிடைக்கிறது. வேலை பாதி முடிந்த நேரத்தில் உப்பு அள்ளுகிறவள் இன்னொரு கேள்வி போட்டாள்: "வாயை இவ்வளவு அகலமாக்கினா உப்புத் தண்ணி வயலுக்க வராதோ?" அண்ணாவியாரிடம் பதில் இருந்தது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதே வாயில், உவர்நீர் உள்ளே வராமல் தடுத்து ஏரியை நன்னீராக்கத்தான் கதவு வைத்துத் தடுப்பணை கட்டினார்கள். பொறியியலாளர் ஆறுமுகத்தின் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்திலும் இந்த அணைக்கு இடம் உண்டு. உப்புக்காகத் திறந்ததாகச் சொல்லப்படுகிற வாயை உப்புக்குப் பயந்து மூட வேண்டி வந்திருக்கிறது. ஆனால் அதையெல்லாம் 12 ஆம் நூற்றாண்டில் நிற்கிற ஒருத்திக்குச் சொல்ல முடியாதே. அண்ணாவியார், "பொறுத்துப் பாருங்கோ" என்றார்.

பொறுக்கிற உத்தேசம் அவர்களுக்கு இல்லை. தொண்டைமானின் ஆட்களுக்குத் தெரியாமல், வெட்டின மண்ணாலேயே வயல் பக்கம் ஒரு வரம்பு உயர்த்துவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். பகலில் ஆற்று வேலை, இரவில் வரம்பு வேலை. பிடிபட்டால் என்ன நடக்கும் என்று ஓடாவி கேட்டார். கிழவி, பேய்களை இரவுக் காவலுக்கு விடலாம், கூழைக் கொஞ்சம் கூட்டிக் காய்ச்சினால் சரி என்கிறாள். ஒடியல் மா எவ்வளவு கையில் இருக்கிறது என்று வாற ஞாயிறு கணக்குப் பார்க்க வேண்டும்.