‘கண்டிப்பா’ன்னா என்ன அர்த்தம்?

போன மாசம் ஊர்ல இருக்கிற என் அம்மாச்சிகிட்ட, "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றேன்"னு ஃபோன்ல சொன்னேன். போகலை. அடுத்த தடவை பேசினப்போ அவங்க கோபப்படலை. "முடிஞ்சா வாப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க. சுருக்குன்னு குத்துச்சு. அப்புறம்தான் இந்த வார்த்தையோட வரலாற்றைத் தேடினேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில், ‘கண்டித்தல்’ என்பதற்குத் துண்டித்தல் என்றும் ஒரு பொருள் இருக்கு. வேர் சமஸ்கிருதம், வெட்டுவதைக் குறிப்பது. ‘கண்டதுண்டமா வெட்டிட்டான்’னு சொல்றோமே, அந்தக் ‘கண்ட’மும் இதுதான். வாத்தியார் நம்மளைக் கண்டிச்சதும் இதே வேர்தான்.

சரி, வெட்டுக்கும் உறுதிக்கும் என்ன சம்பந்தம்? தமிழ் வேர்ச்சொற்களையும் பாருங்க. ‘அறுதியிட்டுச் சொல்றேன்’, ‘அறவே பிடிக்காது’. இரண்டுக்குள்ளேயும் ‘அறு’ இருக்கு. கறாரா பேசுற ஆளை ‘வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு’ன்னுதான் சொல்றோம். ஆங்கில ‘டிசைட்’கூட, வெட்டி எடுப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அதாவது, ஒண்ணை உறுதியா சொல்றதுன்னா மத்த வழிகளை வெட்டி விடுறது. ‘ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றேன்’னா, அன்னைக்கு வேற ப்ளான், தூக்கம், மழைன்னு சொல்ற சாக்கு எல்லாத்தையும் வெட்டியாச்சுன்னு அர்த்தம். நான் எதையுமே வெட்டலை. பேச்சை முடிச்சு ஃபோனை வைக்க அந்த வார்த்தை வசதியா இருந்துச்சு, அவ்வளவுதான்.

இந்த வாரம் அம்மாச்சிகிட்ட ‘கண்டிப்பா’ன்னு சொல்லலை. முதல்ல டிக்கெட் போட்டேன். அப்புறம், "வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ், அம்மாச்சி"ன்னு சொன்னேன்.