காசு கொடுத்து 'பேக்லிங்க்' வாங்கினால் கூகுளில் முதலிடம் கிடைக்குமா? சிறு வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"உங்க வெப்சைட்டை கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டு வர்றோம் சார். ஆயிரம் பேக்லிங்க் போட்டுத் தர்றோம்!"

ஆன்லைனில் பொருள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு இப்படி போன் வருவது புதிதல்ல. கேட்கும் தொகை பெரும்பாலும் சில ஆயிரங்களில் தொடங்கும். கொடுக்கலாமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கும் மம்சாபுரத்தில் ஒரு குடும்பம் பால்கோவா கிண்டி, சொந்த வெப்சைட் வைத்து பார்சல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மவுசு இருக்கு. ஆனால் சென்னையில் இருப்பவர் கூகுளில் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று தேடினால், மேலே வரும் நாலைந்து கடைகளைத்தான் பார்ப்பார். நான்காம் பக்கத்தில் இருக்கும் கடை அவர் கண்ணிலேயே படாது.

லிங்க்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஒரு வெப்சைட்டில் இருந்து உங்கள் வெப்சைட்டுக்கு வரும் இணைப்புதான் பேக்லிங்க். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது, அதன் அடிப்படையே இந்த இணைப்புகளை எண்ணி எடைபோடுவதுதான். அந்த முறைக்குப் பெயர் 'பேஜ்ரேங்க்'.

கல்யாணத்துக்கு சமையல்காரர் பிடிக்கும்போது நாலு பேரிடம் விசாரிப்போம் இல்லையா? போன மாசம் ஆயிரம் பேருக்குப் பந்தி போட்டவர் சொன்னால் கூடுதல் நம்பிக்கை வரும். கூகுளும் அப்படித்தான்: எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதோடு, யார் சொல்கிறார்கள் என்றும் பார்க்கும். இன்று கூகுள் வேறு பல விஷயங்களையும் கணக்கில் எடுக்கிறது. ஆனாலும் லிங்க்குக்கு மதிப்பு போய்விடவில்லை.

சரி, சமையல்காரரிடமே காசு வாங்கிக்கொண்டு நாலு பேர் அவரைப் புகழ்ந்தால்?

ஒரே இரவில் 71-வது இடம்

அமெரிக்காவின் பெரிய கடைத்தொடர் ஜே.சி.பென்னி. 2010 இறுதியில், உடை, படுக்கை விரிப்பு என எதைத் தேடினாலும் கூகுளில் இந்தக் கடைதான் முதலில் வந்தது. எப்படி என்று நியூயார்க் டைம்ஸ் விசாரித்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்கு லிங்க் போடப்பட்டிருந்தது தெரியவந்தது.

2011 பிப்ரவரியில் கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு பயணப் பெட்டிக்கான தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, இரண்டு மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது. லிங்க் போட்டது தங்களுக்குத் தெரியாது என்று சொன்ன நிறுவனம், தன் எஸ்.இ.ஓ ஏஜென்சியை நீக்கியது. ஏஜென்சி செய்தாலும் அடி விழுவது கடைக்குத்தான்.

இப்போது என்ன நடக்கும்?

2012 ஏப்ரலில் 'பெங்குயின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, போலி லிங்க் வைத்த வெப்சைட்களை கூகுள் கீழே தள்ளியது. 2016-ல் இருந்து பெரும்பாலும் அந்த லிங்க்குகளைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடுகிறது. அதாவது தண்டனை வராமல்கூடப் போகலாம், ஆனால் கொடுத்த காசு போனது போனதுதான். மோசமான கேஸ்களில் கூகுள் ஊழியர்களே பார்த்து நடவடிக்கை எடுப்பதும் உண்டு.

அப்போ என்னதான் செய்வது?

முதலில் கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யுங்கள். இது இலவசம். பக்கத்தில் இருந்து தேடுபவர்களுக்கு பேக்லிங்க்கை விட இது சீக்கிரம் கைகொடுக்கும்.

அடுத்து, தானாக லிங்க் கிடைக்கும்படி ஏதாவது எழுதி வையுங்கள். பால் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் கிண்டுகிறீர்கள், பார்சல் போய்ச் சேரும் வரை கெடாமல் இருக்குமா என்று போட்டோவுடன் போட்டால், ஆண்டாள் கோயிலுக்கு வருபவர்களுக்காக எழுதும் பயண வெப்சைட்கள் எடுத்துக்காட்ட வாய்ப்பு உண்டு. நீங்கள் சரக்கு கொடுக்கும் கடைகளுக்கு வெப்சைட் இருந்தால், அதில் உங்கள் பெயரைப் போடச் சொல்லலாம். மெதுவாகத்தான் நடக்கும்.

விளம்பரம் கொடுப்பது தப்பா? இல்லை. ஊர் கபடிப் போட்டிக்கு ஸ்பான்சர் செய்து, அவர்கள் வெப்சைட்டில் உங்கள் லிங்க் வந்தால், அதில் 'ஸ்பான்சர்டு' என்ற குறியீடு சேர்க்கச் சொல்லுங்கள். அதனால் ரேங்க் ஏறாது, ஆனால் ஆட்கள் வருவார்கள்.

ஏற்கனவே யாரிடமாவது காசு கொடுத்திருந்தால், 'கூகுள் சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதியில் உங்களுக்கு யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள், நடவடிக்கை ஏதும் உள்ளதா என்று பார்க்கலாம். பால்கோவா கடைக்கு வெளிநாட்டு சூதாட்ட வெப்சைட்டில் இருந்து லிங்க் வந்திருந்தால், காசு எங்கே போனது என்று புரிந்துவிடும்.

இன்னொரு போனும் வரலாம்: "உங்க சைட்டுக்கு கெட்ட லிங்க் நிறைய இருக்கு, எடுக்கணும், இவ்வளவு ஆகும்." இதற்கான 'டிஸ்அவவ்' வசதியை கூகுள் 2012-லேயே இலவசமாகக் கொடுத்துவிட்டது. பெரும்பாலான வெப்சைட்களுக்கு அது தேவைப்படாது என்று கூகுளே சொல்கிறது.