புகாரைக் கேட்பவர் யார்?

கிட்டி என்பது இரண்டு கட்டைகளால் ஆன எளிய கருவி. ஒரு முனையில் இரண்டையும் பிணைத்திருப்பார்கள். இடையில் கைவிரல்களை வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மறுமுனையை நெருக்குவார்கள். அண்ணாந்தாள் என்ற வதைக்கு இந்தக் கருவியும் தேவையில்லை. ஆளைக் குனியவைத்து, அவன் துண்டையோ வைக்கோல் புரியையோ கழுத்துக்கு மேலும் கால்விரல்களுக்குக் கீழுமாகக் கொடுத்து இறுக்கிக் கட்டி வெயிலில் விட்டுவிட்டால் போதும். சில சமயம் முதுகில் ஒரு கல்லையும் ஏற்றுவார்கள். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய ஆணையம் 1855 ஏப்ரலில் சென்னை மாகாண அரசிடம் கொடுத்த அறிக்கை இவற்றையெல்லாம் வகைவகையாக விவரிக்கிறது. வதைக்கப்பட்டவர்களில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இருந்தார்கள். கிஸ்தி என்ற நிலவரித் தவணையைப் பாக்கி வைத்த குடியானவர்களும் இருந்தார்கள். இரண்டு வகையினரும் ஒரே கச்சேரி வாசலில், ஒரே சேவகர்களின் கையில், ஒரே முறைகளால் வதைபட்டார்கள். காவல்துறையின் ஒழுக்கத்தைப் பற்றி இன்று பேசும் எவரும் இந்த அறிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். ஏனென்றால் இந்த இரண்டு வதைகளில் ஒன்று பிற்பாடு மறைந்தது, மற்றொன்று மறையவில்லை. அது ஏன் என்று பார்த்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் பல நிற்காது.

ஆணையம் தானாக வந்துவிடவில்லை. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1852இல் தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் வரிக்கொடுமையும் வதையும் இடம்பெற்றிருந்தன. பின்னர் இங்கே வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரைச் செட்டியார் ஊர் ஊராக அழைத்துச் சென்று குடியானவர்களின் நிலையை நேரில் காட்டினார். 1854 ஜூலையில் லண்டனில் நாடாளுமன்றத்தில் இதுபற்றிப் பேச்சு எழுந்தது. சில மாதங்களில் ஆணையம் அமைந்தது. தூரத்து மாவட்டங்களிலிருந்து மக்கள் நடந்தே சென்னைக்கு வந்தார்கள். வர முடியாதவர்கள் எழுதி அனுப்பினார்கள். ஆணையம் உட்கார்ந்த குறுகிய காலத்திலேயே புகார்கள் இரண்டாயிரத்தை நெருங்கின. ரயிலும் இல்லாத அந்த நாளில், தன்னை அடித்த சேவகன் இருக்கும் ஊருக்கே திரும்பிப் போகவேண்டியவன் கொடுத்த புகார்கள் அவை.

ஊர்ப் பக்கத்தில் புகார் சொல்ல இடமே இல்லாததால்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள். 1816ஆம் ஆண்டின் ரெகுலேஷன்கள் காவல் அதிகாரத்தைக் கலெக்டரிடம் ஒப்படைத்து, அவரையே மாஜிஸ்திரேட்டாகவும் ஆக்கின. அவருக்குக் கீழே தாலுகாவில் தாசில்தார், கிராமத்தில் மணியக்காரர், தலையாரி. வரி வசூலிப்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒருவரே. சேவகன் கையை முறித்தான் என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் சேவகனை ஏவிய தாசில்தாரிடம் சொல்ல வேண்டும். அவரையும் தாண்டி, பல நாள் நடையில் இருக்கும் கலெக்டரிடம் போனாலும், மாவட்டத்தின் ஜமாபந்திக் கணக்கு நிறைவதில்தான் கலெக்டரின் பெயரும் இருந்தது. நியாயம் கிடைப்பதில் இருந்த இந்தத் தடையை ஆணையம் ஒரு தனிக் கேடாகவே குறித்தது. அறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான். வலியை விவரிக்கும் பக்கங்கள் நம்மை உலுக்குகின்றன. வலி ஏன் நிற்கவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஆனால் ஆணையமே இந்த விடையை முழுக்க ஏற்கவில்லை. வதை இந்த நாட்டின் பழைய வழக்கம், கீழ்நிலைச் சுதேசி ஊழியர்களின் குணக்கேடு, ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை என்று அது எழுதியது. கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுதியபோது, இந்த விடுவிப்பை நம்ப மறுத்தார். பழைய வழக்கம் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முன்பும் கச்சேரிகளில் அடி விழுந்தது. ஆனால் ஒரு வழக்கம் பழையது என்பது அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லும். ஐம்பது ஆண்டு கம்பெனி ஆட்சிக்குப் பிறகும் ஏன் இருந்தது என்பதைச் சொல்லாது. விளைச்சல் பொய்த்தாலும் தொகை வந்தாக வேண்டும் என்று மேலிருந்து கேட்டவர்கள், அது எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கீழே இருந்தவனின் குணத்தைப் பழித்தது மேலே இருந்தவர்களுக்கு வசதியாக இருந்தது.

அறிக்கைக்குப் பிறகு வரிசையாகச் சட்டங்கள் வந்தன. 1859இன் சென்னைப் போலீஸ் சட்டம் காவல்துறையை வருவாய்த்துறையிடமிருந்து பிரித்தது. வில்லியம் ராபின்சன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். இந்த அமைப்பை ஒட்டியே 1861இன் அகில இந்தியப் போலீஸ் சட்டம் எழுந்தது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 330ஆம் பிரிவில், ஒப்புதல் வாங்க வதைக்கும் போலீஸ் அதிகாரியையும் பாக்கி வாங்க வதைக்கும் வருவாய் அதிகாரியையும் உதாரணங்களாக நிறுத்தி ஏழாண்டு வரை சிறை விதித்தது. தண்டனை இருவருக்கும் ஒன்றே. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. கிஸ்திக்காகக் கிட்டி பூட்டுவது காலப்போக்கில் ஒழிந்தது. தாசில்தாரின் கையிலிருந்து ஆள்பலம் போனது. 1864இன் வருவாய் வசூல் சட்டம் ஜப்தி, ஏலம் என்று அவருக்கு வேறு வழி கொடுத்தது. உடம்பை நெருக்கினால் கிடைக்கும் லாபம் அற்றுப்போனது. தாசில்தார்கள் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காவல் நிலையத்திலோ நெருக்கினால் கிடைக்கும் லாபம் அப்படியே இருந்தது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று 1872இன் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் அழுத்தமாகச் சொல்லிவிட்டு, 27ஆம் பிரிவில், அந்தப் பேச்சின் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதைப் பற்றிய பகுதி செல்லும் என்றது. அரிவாளை எங்கே புதைத்தாய் என்ற கேள்விக்கு விடை வரவேண்டிய அவசரம் அங்கே பிறந்தது. 1946 இறுதியில் குண்டூர் மாவட்டக் கொலை வழக்கொன்றின் மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சில், இந்த விதிவிலக்கை விரித்துப் பொருள் கொண்டால் போலீசாரின் பேசவைக்கும் திறமை அதற்கு ஈடுகொடுத்துவிடும், தடை பயனற்றுப்போகும் என்று எச்சரித்து அதைக் குறுக்கியது. சட்டம் எழுதி எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த எச்சரிக்கை தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டு தட்டுத் தட்டினால் வழக்கு முடிகிறது, கையைக் கட்டிப்போட்டால் திருடனை யார் பிடிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் போலீசார் மட்டுமல்ல. கைதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்ற செய்தியோடு மாவுக்கட்டுப் போட்ட கையின் படம் வந்தால், அதற்குக் கைதட்டுகிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். பயம் புரிகிறது, அந்தக் கைதட்டலை என்னால் ஏற்க முடியாது. அடித்து வாங்கிய ஒப்புதல் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. சரியான ஆளை விட்டுவிட்டு அகப்பட்ட ஆளைக் கொண்டு கணக்கு முடிக்கும் பழக்கத்தைத்தான் அது வளர்க்கிறது. 1902-03இல் ஃபிரேசர் தலைமையிலான போலீஸ் ஆணையம் காவல்துறையைத் திறமையற்றது என்றும் ஊழலும் கொடுமையும் நிறைந்ததாக மக்கள் கருதுவது என்றும் ஒரே மூச்சில் சொன்னது. அடி, திறமைக்குறைவுக்கு மாற்றாக வந்ததே தவிரத் திறமையின் அடையாளமாக ஒருநாளும் இருந்ததில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. அமைப்பு, அமைப்பு என்கிறீர்களே, நேர்மையான ஒரு காவலர் இருந்தால் போதாதா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்ததாக அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்த இரவில் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். அவருடைய நேர்மை பெரிது, சந்தேகமில்லை. ஆனால் அது எப்போது வாய் திறந்தது என்று பார்க்க வேண்டும். நிலையத்துக்குள் இல்லாத ஒருவர், காவல்துறைக்குக் கட்டுப்படாத ஒருவர், எதிரில் வந்து உட்கார்ந்த பிறகு. கண்காணிப்புக் கேமரா இருந்தும், பதிவுகள் அன்றன்றைக்கே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை அந்த நடுவர்தான் உயர்நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். அவருடைய விசாரணைக்கே இடையூறு வந்ததால், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூன் 29 அன்று அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளச் சொன்னது. 1859இல் தாசில்தாரிடமிருந்து பிரிக்கப்பட்ட காவல், 161 ஆண்டுகள் கழித்துச் சாட்சியங்களைக் காப்பாற்றுவதற்காகத் தாசில்தாரின் கைக்கே போனது. வருவாய்த்துறை தூய்மையானது என்பதால் அல்ல. அந்த வழக்கில் மறைக்க வேண்டியது எதுவும் அதற்கு இல்லை என்பதால்.

நெருக்கடிக்கு அது சரி, நிரந்தர ஏற்பாடாக முடியாது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், காவலர்மீதான புகார்களை விசாரிக்க மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற நீதிபதியையும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியையும் தலைவராகக் கொண்ட ஆணையங்களை அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013இல் கொண்டுவந்த காவல் சீர்திருத்தச் சட்டம் மாநில ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலாளருக்குக் கொடுத்தது. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். மாவட்டத்தில் அமைதி கெட்டால் பதில் சொல்ல வேண்டிய இருவரும், அந்த அமைதியின் பெயரால் ஒருவன் அடிபட்டான் என்ற புகாரையும் கேட்க வேண்டும். நிர்வாகம் அறிந்தவர்களாயிற்றே, நடைமுறை புரிந்து தீர்ப்பார்கள் என்று இதற்கு வாதாடுவார்கள். நடைமுறை புரிந்த கலெக்டர்களும் தாசில்தார்களும் 1855க்கு முன்பும் இருந்தார்கள். குடியானவர்கள் அவர்களைத் தாண்டித்தான் சென்னைக்கு நடந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையும், காவல்துறையிலிருந்து இரவல் வாங்காத சொந்த விசாரணை ஆட்களும் புகார் ஆணையத்துக்கு வேண்டும். இதற்கு அரசியல் சட்டத்தைத் தொடவேண்டியதில்லை. 2013 சட்டத்தில் சில பிரிவுகளைச் சட்டமன்றம் திருத்தினால் போதும்.