நாவலப்பிட்டியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினர்

கல்லூரியின் அதிபர்கள், கட்டடங்கள், வலைப்பந்தாட்டக் கேடயங்கள் பற்றி மூத்த அக்காமார் எங்களைவிட நன்றாக எழுதுவார்கள். எங்கள் வகுப்புச் சார்பில் இந்த நூற்றாண்டு மலருக்கு ஏதாவது தரும்படி சங்கம் கேட்டபோது, விடுதியில் எங்களோடு இருந்த தோட்டத்துப் பிள்ளைகளின் ஊரைச் சேர்ந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தோம். அவர் பெயர் கே. இராஜலிங்கம். 1947 முதல் 1952 வரை நாவலப்பிட்டித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர்.

ஒரே ஒரு தவணைதான். கண்டியின் அரசியலைப் பேசுபவர்கள் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவைச் சொல்வார்கள். 1947 பொது வேலைநிறுத்தத்தில் அரச எழுதுவினைஞர்களுக்குத் தலைமை தாங்கிய டி. பி. இலங்கரத்னவைச் சொல்வார்கள். 1949 இடைத்தேர்தலில் கண்டி நகரம் தமரா குமாரி இலங்கரத்ன என்ற பெண்ணைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதைச் சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். பெண்கள் கல்லூரி மலரில் அவருக்கென்று தனிக் கட்டுரை ஒன்று வரவேண்டும். ஆனால் கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள நாவலப்பிட்டியின் முதல் உறுப்பினரை நாங்கள் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

இராஜலிங்கத்தின் ஊர் புசல்லாவை. பேராதனை, கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், இருபுறமும் தேயிலை தொடங்கும் இடம். அரசியலுக்கு வருமுன்னரே, 1930களில், அவர் அங்கே சரஸ்வதி என்ற பெயரில் ஒரு பாடசாலையை நிறுவினார். அது எத்தனை பெரிய காரியம் என்பதை உணர, அன்றைய தோட்டப் பாடசாலை எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அதன்பின் பிள்ளை பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகும். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில். இடைப்பட்ட தலைமுறைகளுக்கு, ஐந்தாம் வகுப்புக்கு மேலே ஏற ஒரு படி வேண்டியிருந்தது. புசல்லாவையில் அந்தப் படியைப் போட்டவர் இவர்.

1939இல் இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை வெளியேற்றத் தொடங்கியது. அதைப் பற்றிப் பேச நேரு கொழும்புக்கு வந்தார். சிதறிக் கிடந்த சங்கங்கள் அவருடைய வருகையோடு ஒன்றுசேர்ந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஆயின. அடுத்த ஆண்டு அதன் மாநாடு கம்பளையில் கூடியது. இராஜலிங்கம் அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார்.

1947 பொதுத் தேர்தலில் 95 தொகுதிகள். காங்கிரஸ் ஏழில் வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. இராமானுஜம், நாவலப்பிட்டியில் இராஜலிங்கம்.  லயத்தில் குடியிருந்தவர்கள் வாக்களித்துத் தமக்கென்று ஆட்களைச் சபைக்கு அனுப்பிய தேர்தல் அது.

கண்டியச் சிங்களக் கிராமங்களில் இந்த முடிவு அச்சத்தை உண்டாக்கியது. அந்த அச்சத்தை வெறும் இனத்துவேஷம் என்று ஒதுக்கிவிட எங்களுக்கு மனமில்லை. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தோடு கிராமத்தைச் சூழ்ந்திருந்த காடும் மேட்டு நிலமும் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போயின. அந்த நிலத்தில் வேலை செய்ய வெளியிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். இப்போது அவர்களே தொகுதியையும் பிடித்துவிட்டார்கள் என்று கிராமத்தான் நினைத்தான். காணியைப் பறித்தவன் யார் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. கோபம் முழுவதும் கூலியாளின் தலையில் விழுந்தது.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கு பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் மருத்துவம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நின்று ஒன்று சொல்லவேண்டும் போலிருக்கிறது. பிள்ளைப்பேறு அறையில் பிறப்பின் இடத்துக்கும் நேரத்துக்கும் மறுக்கமுடியாத சாட்சி ஒருத்தி மட்டும்தான் உண்டு. அவள் தாய். சட்டம் அவளைக் கேட்கவேயில்லை. அவள் இந்த மலையில் பிறந்து இந்த மலையிலேயே பெற்றெடுத்திருந்தாலும் அவள் வழியாகப் பிள்ளைக்கு நாடு கிடைக்கவில்லை. இலங்கையில் தாய்வழிப் பிரஜாவுரிமைக்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரை எல்லாப் பெண்களும் காத்திருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

தகப்பனுடைய பிறப்புக்கு அத்தாட்சி என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் காகிதம். லயத்துக் காம்பிராவில் மருத்துவிச்சி கையில் பிறந்தவனுக்கு அந்தக் காகிதம் எங்கிருந்து வரும்? இருந்தாலும் மழையிலும் கறையானிலும் போயிருக்கும். அல்லது கங்காணி சொன்ன பெயரில், அவன் தனக்கு வைத்துக்கொண்டிராத ஒரு பெயரில் இருக்கும்.

இரண்டாவது கதவாக 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் பத்து ஆண்டுகள் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம். காங்கிரஸ் முதலில் இதைப் பகிஷ்கரித்தது. விண்ணப்பித்தால் அநீதியை ஏற்றதாகிவிடும் என்பது அவர்கள் வாதம். எங்கள் பார்வையில் அது பெரிய தவறு. மனம் மாறி அவர்கள் விண்ணப்பிக்கச் சொன்னபோது அவகாசத்தின் பெரும்பகுதி கழிந்திருந்தது. இறுதியில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

அதே 1949இல் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்காளர் இடாப்பைப் பிரஜைகளுக்கு மட்டும் என்று ஆக்கியது. இராஜலிங்கத்தின் நிலையை இப்போது எண்ணிப் பாருங்கள். 1952இல் சபை கலையும்வரை அவர் உறுப்பினர். நாட்டின் சட்டங்களுக்கு ஆதரவாகவோ எதிராகவோ கை உயர்த்தலாம். ஆனால் அவரை அனுப்பிய மக்கள் இடாப்பிலிருந்து அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1952 தேர்தல் வந்தபோது காங்கிரஸ் சத்தியாக்கிரகத்தில் இறங்கியிருந்தது. ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இதில் ஒரு கொடுமை உண்டு. தொகுதி எல்லைகளைப் பிரிக்கும்போது தோட்டத்து மக்களின் தலைகளும் எண்ணப்பட்டன. அவர்களால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. அந்த ஆசனங்களுக்கு வாக்களிக்க மட்டும் அவர்களுக்கு அனுமதியில்லை. மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர் மறுபடி தேர்தலில் வென்று சபைக்குள் போனது 1977இல், நுவரெலியா மஸ்கெலியாவில் தொண்டமான். முப்பது ஆண்டுகள்.

இராஜலிங்கம் அதைப் பார்க்கவில்லை. பாடசாலை கட்டியவர், தொகுதியை வென்றவர், பாராளுமன்றத்தில் அமர்ந்தவர் 1963இல் பிரஜாவுரிமை இல்லாதவராகவே காலமானார். மறு ஆண்டு ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்துக்கு மக்கள் கடவுச்சீட்டுக்காக வந்து நின்ற காலம் அதன்பிறகு வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி ஸ்டேஷன்களில் தலைமன்னாருக்குப் போக ஏறியவர்களை வழியனுப்பியவர்கள் நம் கல்லூரியின் மூத்த மாணவிகளிலும் இருப்பார்கள். அவர்கள் எழுதினால் நன்றாயிருக்கும்.

எஞ்சியவர்களுக்காக 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொன்று. நாங்கள் சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமான 1990களின் நடுப்பகுதியில் அது இன்னும் முடிந்திருக்கவில்லை. தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பும் நாளில் பட்டணத்துப் பிள்ளைகளான எங்களுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் போதுமாயிருந்தது. விடுதித் தோழிகள் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கட்டை வெளியே எடுத்தார்கள். அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், தாத்தாவின் பதிவு, தோட்டத்துரையின் கடிதம், மடிப்பில் கிழிந்து ஒட்டப்பட்ட ஏதோ ஒரு ரசீது. அதிலும் ஒருத்திக்கு அட்டை வந்தது பரீட்சைக்கு மூன்று நாட்களுக்கு முன்னர்தான். அவள் இன்று கணித ஆசிரியை. அவளிடம் கேட்டால் அந்தப் பையை இன்னும் வைத்திருப்பதாகச் சொல்கிறாள்.

இன்னொரு தோழியின் அப்பாயி நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர். 1947இல் இராஜலிங்கத்துக்கு வாக்களித்தவர். அவருடைய கட்டு சரியாகி, பெயர் இடாப்பில் ஏறி, மறுபடி வாக்குச் சாவடிக்கு நடந்துபோனது 1994 ஓகஸ்ட் தேர்தலில். யாருக்குப் போட்டீர்கள் என்று பேத்தி கேட்டதற்கு, அதைச் சொல்லக் கூடாதாமே என்றாராம். 1947இல் போட்டதைமட்டும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.