பச்சை குத்திய புண் ஆறின கதை

பச்சை குத்துறது பத்திப் பேசுறப்ப எல்லாரும் படத்தைப் பத்தித்தான் பேசுறோம். நான் இன்னிக்குப் பேசப்போறது அந்தப் புண்ணைப் பத்தி.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளரா இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவருடைய ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909இல் 7 தொகுதிகளாக வந்தது. நம்ம தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அதைத் தமிழில் கொண்டுவந்தது. குறவர் பெண்கள் பச்சை குத்தின முறையை அவர் பதிவு செய்திருக்கிறார்.

மஞ்சள்தூளையும் நசுக்கிய அகத்திக்கீரையையும் துணியில் பரப்பி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரிப்பாங்க. மேலே கவிழ்த்த புதுப்பானையில் படியும் கரிதான் மை. டெல்டாவில் அகத்திக்குப் பஞ்சமில்லை; கொடிக்காலில் வெற்றிலைக்கொடி படர்வதே அதில்தானே! தையல் ஊசிகள் மூணு நாலைச் சேர்த்துக் கட்டிக் குத்துவாங்க. பிள்ளைங்க வலியை மறக்கப் பாட்டு. முடிஞ்சதும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, எரிச்சலுக்கு எண்ணெய், வீக்கத்துக்கு மஞ்சள்.

அதாவது வலிக்கும் வீக்கத்துக்கும் அவங்ககிட்ட வழி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, ஒரே ஊசி பல கைகளில் ஏறுவது. ரத்தம் வழியாப் பரவும் ஹெபடைடிஸ் பி கிருமியை உலகம் கண்டுபிடிச்சதே 1960களில்தான்.

அதனால, திருவிழாக் கடையில் கை நீட்டுமுன் புது ஊசியான்னு கேளுங்க. அப்புறம் சோப்புத் தண்ணீரில் மெதுவாக் கழுவி, ஈரம் ஒத்தியெடுங்க. பொருக்கைப் பிய்க்காதீங்க. ஆறும்வரை ஆத்துக்குளியலும் நடவுச்சேறும் வேண்டாம். சிவந்து சீழ் வச்சா, மஞ்சளை அப்பிக்கிட்டு உக்காராம மருத்துவரைப் பாருங்க.