குடிபோதையில் மீண்டும் வாகனம் ஓட்டுதல்: இந்தியச் சட்டத்தில் தண்டனை

மது அருந்திய நிலையில் வாகனம் ஓட்டுவோர் அக்குற்றத்தை மறுமுறை செய்தால், முதல் முறையைவிடக் கூடுதலாகத் தண்டிக்கப்பட வேண்டும் என்பது இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் நெறியாகும். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதையில் இருந்தவரையே குற்றவாளியாகக் கொண்டது.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இந்த அளவுகோலை மாற்றியது. இரத்தத்தில் மது எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் குற்றமே என்று அதன் முதல் வடிவம் கூறியது. இடம்விட்டுக் கொடாத அந்தச் சொற்கள் ஐந்தாண்டுகளே நடைமுறையில் இருந்தன. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், மூச்சுப் பரிசோதனைக் கருவியில் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மது தெரியவந்தால் மட்டுமே குற்றம் என்று வரம்பு கட்டியது. அப்போது முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் தண்டனையாக இருந்தன. மூன்றாண்டுகளுக்குள் மறுமுறை செய்தால் இரண்டாண்டுகள் வரை சிறை, 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க முடிந்தது. சிறைக்காலம் நான்கு மடங்காக உயர்ந்தபோதும், அபராதம் ஆயிரம் ரூபாய் மட்டுமே கூடியது குறிப்பிடத்தக்கது. இவற்றுடன், குறைந்தது ஆறு மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் தகுதியை நீதிமன்றம் நீக்க வேண்டும் என 20ஆம் பிரிவு விதிக்கிறது. இந்தக் குற்றம், சாலையிலேயே பணம் செலுத்தி முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் இடம்பெறாததால், பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குச் சென்றே ஆக வேண்டும். கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், தவறினால் அவரைக் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்னும் விதி, காவல்துறையின் கடிகாரத்தையும் ஒரு சான்றாக்கிவிடுகிறது.

1994ஆம் ஆண்டுத் திருத்தம் மூச்சுப் பரிசோதனைக் கருவியை மட்டும் பெயர் சொல்லிக் குறித்ததால், இரத்தப் பரிசோதனையை மட்டும் கொண்டு குற்றத்தை நிறுவ முடியுமா என்ற கேள்வி வழக்குகளில் எழுந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வகச் சோதனையையும் சேர்த்து அதற்கு விடை தந்தது. அத்துடன், அபராதங்களை 10,000, 15,000 ரூபாய் என நிலையான தொகைகளாக்கி, மூன்றாண்டு என்ற கால வரம்பையும் நீக்கியது. ஆகவே, பல ஆண்டுகளுக்கு முந்தைய குற்றமும் மறுமுறைக் கணக்கில் சேரும் என்று கொள்ள இடமுண்டு. எனினும் முந்தைய குற்றத்துக்குத் தீர்ப்பு வந்திருக்க வேண்டுமா, அது நிகழ்ந்திருந்தாலே போதுமா என்பதைப் பிரிவின் சொற்கள் வெளிப்படையாகக் கூறவில்லை. குடிபோதையில் ஓட்டி உயிரிழப்பு நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் பொதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளும் பொருந்தும்.