வடசென்னையின் குறுக்குத் தடங்கள்: துறைமுக, ஆலைப் பகுதிக்கான பொதுப் போக்குவரத்து

1. ஆய்வுப் பரப்பு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நீளும் ஒடுங்கிய நிலப்பகுதியும், பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கேயுள்ள மணலியும் இங்கு ஆயப்படுகின்றன. தெற்கு வடக்காகச் செல்லும் தடங்கள் இப்பகுதியில் ஏற்கெனவே உண்டு. கிழக்கு மேற்காக வேலைக்குப் போகிறவர்களுக்கே வழியில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. நெடுக்குத் தடங்கள்

2.1 ரயில்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையத்துக்குப் புறப்பட்டது. இன்று கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு வழியாகச் செல்கிறது. டெல்லி, ஹவுரா விரைவு ரயில்களும் துறைமுகச் சரக்கு ரயில்களும் இதே மார்க்கத்தில்தான் ஓடுகின்றன. அத்திப்பட்டு வரை கூடுதல் பாதைகள் போட்ட பின்னும், தாம்பரம் மார்க்கத்தில் கிடைக்கும் வண்டிகளின் எண்ணிக்கை இங்கு இல்லை.

2.2 மெட்ரோ: முதல் கட்டத் திட்டம் வண்ணாரப்பேட்டையோடு நின்றது. விம்கோ நகர் வரையிலான சுமார் 9 கி.மீ. நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. திருவொற்றியூர்வாசிகள் விமான நிலையம் வரை இறங்காமல் போகலாம். அரும்பெரும் வசதி இது, ஐயமில்லை.

3. குறுக்குப் பயணம்

திருவொற்றியூரில் குடியிருந்து மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கோ உரத் தொழிற்சாலைக்கோ செல்லும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இவ்விரு தடங்களாலும் பயன் குறைவு. அவர் தண்டவாளத்தையும் கால்வாயையும் கடந்தாக வேண்டும். மணலிக்கு இருப்புப் பாதை உண்டு. அதில் ஆட்கள் ஏறும் வண்டி இல்லை, சரக்கு மட்டுமே போகிறது. எஞ்சுவது பேருந்தும் ஷேர் ஆட்டோவும். அவையும் ரயில்வே கேட்டிலோ, துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையிலோ சிக்கிக்கொள்கின்றன. இரவு ஷிப்டு முடித்து வருகிறவரின் உறக்கத்தைத் தின்பது இந்தக் காத்திருப்புதான்.

பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974இல் பேருந்துக்கெனத் தனித்தடம் அமைத்தது. அதோடு நிற்காமல், நகர மையத்தைத் தொடாமலே புறநகர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பேருந்துகளையும் விட்டது. நாம் பின்பற்ற வேண்டியது இந்த இரண்டாவது ஏற்பாட்டை.

4. முன்னுரிமைகள்

4.1 திருவொற்றியூர், விம்கோ நகர் நிலையங்களிலிருந்து மணலிக்குச் சிற்றுந்துகள், ஆலைகளின் ஷிப்டு நேரத்தை ஒட்டி ஓட வேண்டும். ஒரு பாலத்துக்கு ஆகும் காலமும் பணமும் இதற்குத் தேவையில்லை.

4.2 லாரிகள் சாலையில் காத்திராமல் நிறுத்தகத்தில் நின்று, அழைக்கும்போது மட்டும் துறைமுகத்துக்கு வர வேண்டும். இது நடக்காமல் எந்தப் பேருந்து அட்டவணையும் நிற்காது.

4.3 காசிமேட்டில் விடியுமுன் மீன் எடுக்கும் பெண்களுக்குக் கூடை வைக்க இடமுள்ள வண்டி வேண்டும். மின்சார ரயிலில் வியாபாரிகளுக்கெனப் பெட்டி உண்டு, மெட்ரோவில் இல்லை. ஆகவே அவர்களுக்கான அதிகாலைப் பேருந்துகளில் இருக்கைகளைக் குறைத்துச் சுமைக்கு இடம் ஒதுக்கலாம்.

4.4 ரயில்வே, மெட்ரோ, மாநகரப் பேருந்து ஆகியவற்றை ஒருங்கிணைக்க 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் உள்ளது. வடசென்னையைப் பொறுத்தவரை அதன் திட்டமிடல் கூட்டங்களில் சென்னை, காமராஜர் துறைமுகங்களின் நிர்வாகங்களும் உட்கார வேண்டும். லாரிகளின் நேரத்தைத் தீர்மானிப்பவர்கள் அவர்களே.